ஜப்பான்காரருக்கு வழியனுப்பு விருந்து: ஏழு பேர், ரெண்டு சைவம், இசகாயாவுல எப்படி ஆர்டர் பண்றது?

போரூர் பொன்னி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஒரகடத்துல கார் உதிரிபாகம் செய்யுற கம்பெனியில பர்ச்சேஸ்ல வேலை பாக்குறேன். எங்க லைனுக்கு வழிகாட்ட வந்திருந்த ஜப்பான்காரர் ஒருத்தர் ஊர் திரும்புறார். நல்ல மனுஷன். கேன்டீன்ல எங்களோட உக்காந்து சாம்பார் சாதத்தை ஸ்பூன்ல அள்ளிச் சாப்பிட்டு, "காரம், காரம்"னு சிரிச்சுக்கிட்டே ரெண்டாந்தரம் வாங்குவார். "வழக்கமான பஃபே வேணாம்மா, இந்தத் தடவை அவங்க ஊர் பாணியில இருக்கட்டும்"னு மேனேஜர் சொல்லிட்டு, ஏற்பாட்டை என் தலையில கட்டிட்டார்.

இசகாயான்னு போர்டு போட்ட ஜப்பான் சாப்பாட்டுக் கடை ஒண்ணைப் பாத்து வச்சிருக்கேன். மெனுவைப் புரட்டினா தலை சுத்துது. சாப்பாடுன்னு தனியா எதுவும் இல்ல. பக்கம் பக்கமா குட்டிக் குட்டித் தட்டுதான்.

விருந்தாளியையும் சேத்து ஏழு பேர். ரெண்டு பேர் சைவம், அதுல ஒருத்தங்க முட்டையும் தொடமாட்டாங்க. ஒருத்தர் ஹலால் பாப்பார், மது வாடையே ஆகாது. மேனேஜர் அசைவம்தான், ஆனா எச்சில் பாப்பார். ஆபீஸ்லயே அவர் டம்ளர் தனி. ஒரு ட்ரெய்னி பையன், அவன் எதையும் விடமாட்டான். நான் பச்சை மீன் தவிர எல்லாம்.

ஆளுக்கு ஒண்ணு சொல்லணுமா, எல்லாத்தையும் நடுவுல வச்சுப் பங்கு போடணுமா? எத்தனை தட்டு? மேனேஜரோட எச்சில் விவகாரத்தை என்ன பண்றது? சாப்ஸ்டிக் எங்கள்ல ஒருத்தருக்கும் வராது. போய் வந்தவங்க சொல்லுங்க.


வடபழனி வாசு:

அக்கா, கிளம்புறதுக்கு முன்னாடி ஆளுக்கு ரெண்டு பரோட்டா போட்டுக்கிட்டுப் போயிடுங்க. நான் போனப்ப குச்சியில நாலு துண்டு கோழி வந்துச்சு, அதுல ரெண்டு வெங்காயத் தாள். பசியோட போனேன், பசியோட வந்தேன். பில்லு மட்டும் சொந்தக்காரங்க கல்யாணத்து மொய் மாதிரி இருந்துச்சு.


நகோயா ரிட்டர்ன்:

வாசு, நீங்க தனியா போயி ஆளுக்கு ஒரு ஐட்டம்னு சொல்லியிருப்பீங்க. அப்படிப் போனா அப்படித்தான் ஆகும்.

பொன்னி, நான் நகோயா பக்கம் வண்டிக் கம்பெனி சப்ளையர் ஒருத்தர்கிட்ட வேலை பாத்தவன், இப்ப வேளச்சேரி. அங்க வேலை முடிஞ்சு ஆபீஸ் ஆளுங்களோட இசகாயாவுல உக்காந்த நேரம் என் வீட்டு டைனிங் டேபிள்ல உக்காந்ததைவிட அதிகம்னு என் வீட்டம்மா இன்னும் சொல்லிக் காட்டுவாங்க. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒரு விஷயம். எல்லாத்தையும் ஒரே மூச்சுல ஆர்டர் பண்ணாதீங்க. நம்ம பழக்கம் அதுதான்: உக்காந்ததும் சர்வரை நிக்க வச்சு, ஏழு பேரும் ஆளுக்கொரு பக்கம் கத்தி, பதினஞ்சு ஐட்டம் சொல்லி முடிச்சுட்டு, அப்புறம் "எங்க இன்னும் வரல?"ன்னு கிச்சனையே பாத்துட்டு இருப்போம். இசகாயாவுல அப்படிச் சொன்னா எல்லாம் ஒண்ணா வந்து மேஜை நிறைஞ்சிடும், பேசி முடிக்கறதுக்குள்ள சுட்டதெல்லாம் ஆறிப்போயிடும். யாகிடோரி, அதான் குச்சியில கோத்துச் சுட்ட கோழி, ஆறினா ரப்பர்.

அங்க நடக்கறது இப்படி. உக்காந்ததும் ஈரத் துண்டு வரும், கையைத் துடைச்சுக்கணும். முகத்தைத் துடைக்கிற பெரியவங்களும் உண்டு, நீங்க வேணாம். உடனே குடிக்க மட்டும் ஆர்டர். எல்லார் கையிலயும் கிளாஸ் வர்ற வரைக்கும் ஒருத்தரும் வாய் வைக்க மாட்டாங்க. வந்ததும் "கன்பாய்", நம்ம "சியர்ஸ்" மாதிரி. அதுக்குள்ள எடமாமேவும் ரெண்டு குளிர்ந்த ஐட்டமும் மேஜைக்கு வந்திருக்கும். அடுத்து ஒரு நாலஞ்சு தட்டு. அது பாதி காலியானதும் யாராவது மெனுவை எடுத்து "அடுத்து என்ன?"ம்பாங்க. இந்தக் கேள்வியிலதான் சாயங்காலமே ஓடும். சாப்பாடு பேச்சுக்குத் துணையா வர்ற ஐட்டம் அங்க. ரெண்டு மணி நேரம் சாதாரணம்.

ஜப்பான்ல இருந்தா, நீங்க கேக்காமலே ஒரு சின்னக் கிண்ணம் வந்து உக்காரும். ஒதோஷின்னு பேரு. ஆளுக்கு 300லிருந்து 500 யென் வரைக்கும் பில்லுல ஏறும், ஒருவகையில உக்காந்ததுக்கு வாடகை. வெளிநாட்டுக்காரங்க பாதிப் பேர் இதுக்குத்தான் அங்க சண்டை போடுவாங்க. நீங்க போற கடையில அப்படி ஏதாவது வந்தா, இலவசமான்னு மெதுவா ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, போதும்.

எச்சில் பத்திக் கவலையே வேணாம். ஜப்பான்காரங்க நம்மளைவிட ஒரு படி மேல. தன் வாயில வச்ச குச்சியைப் பொதுத் தட்டுல விடறதை அங்கயும் முறையில்லைன்னுதான் சொல்வாங்க, ரொம்ப நெருங்கின கூட்டத்துல மட்டும் கண்டுக்க மாட்டாங்க. பொதுத் தட்டுக்குத் தனிக் குச்சி உண்டு, பேரு தோரிபாஷி. ஆளுக்கு ஒரு குட்டித் தட்டு தருவாங்க, அதுல எடுத்துப் போட்டுக்கிட்டு அதிலிருந்து சாப்பிடணும். டேபிள் சொல்லும்போதே "ஒவ்வொரு தட்டுக்கும் தோரிபாஷி, இல்லன்னா ஸ்பூன் வையுங்க"ன்னு சொல்லிடுங்க. சிலர் தன் குச்சியையே தலைகீழாத் திருப்பி எடுப்பாங்க. கை பிடிச்ச பக்கம் சாப்பாட்டுல படுதேன்னு அதையும் முகம் சுளிக்கிறவங்க இருக்காங்க. உங்க மேனேஜர் அந்த ஊர்ல பொறந்திருக்கணும்.

சாப்ஸ்டிக் வராதுன்னா ஃபோர்க் கேளுங்க, யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. இன்னொண்ணு, பாதி மெனு கையால சாப்பிடறதுதான். எடமாமே உப்புப் போட்டு வேகவச்ச இளஞ் சோயா. தோலை உதட்டுல வச்சு அழுத்தினா பருப்பு வாய்க்குள்ள வந்துடும், தோலைக் காலிக் கிண்ணத்துல போடணும். யாகிடோரி குச்சியோட கடிக்கலாம். சோத்து உருண்டை கைதான். குச்சியைப் பிடிச்சுப் பழகறவங்களுக்கு ரெண்டே ரெண்டு எச்சரிக்கை: சாதத்துல நட்டு வைக்காதீங்க, அது இறந்தவங்களுக்குப் படைக்கற முறை. என் குச்சியிலிருந்து உங்க குச்சிக்குன்னு சாப்பாட்டைக் கைமாத்தாதீங்க. அங்க தகனம் முடிஞ்சதும் சொந்தக்காரங்க எலும்பைக் குச்சியாலதான் சேந்து எடுப்பாங்க. விருந்தாளி வாயைத் திறந்து ஒண்ணும் சொல்ல மாட்டார், ஆனா மனசுல சுருக்குன்னு இருக்கும்.

அளவு கேட்டீங்க. குச்சி ஐட்டமெல்லாம் தலைக்கு ஒண்ணுன்னு எண்ணிச் சொல்லுங்க, பங்கு போடற பிரச்சினையே இல்ல. மத்ததெல்லாம் மூணு நாலு பேருக்கு ஒரு தட்டு. உங்கள்ல அசைவம் அஞ்சு பேர்; முதல் சுற்றுக்கு ஒரு கராகே (பொரிச்ச கோழி), ஒரு சஷிமி (பச்சை மீன் துண்டு), ஆளுக்கொரு நெகிமா போதும். நெகிமான்னா தொடைக்கறியும் வெங்காயத் தாளும் மாத்தி மாத்திக் கோத்தது, வாசுவுக்கு வந்தது அதுதான். அப்புறம் சுகுனே, கொத்துக்கறி உருண்டை. தைரியம் இருந்தா ஈரல், மாங்கா (கோழியோட இரைப்பை), தோல், குருத்தெலும்பு. நம்ம ஊர்க் கடையில மாங்கா போடறவங்க கம்மி. இருந்தா விடாதீங்க, உப்புல சுட்டு வாங்குங்க. உப்பா, இனிப்புச் சாறான்னு கேப்பாங்க. முதல் சுற்று உப்பு, ரெண்டாவது சுற்று சாறு. இது என் கட்சி, எதிர்க்கட்சியும் உண்டு.

தெபசாகி இருந்தா கட்டாயம் சொல்லுங்க. நகோயாவோட சொந்த ஐட்டம்: கோழி இறக்கையைப் பொரிச்சு, சோயா கலந்த இனிப்புச் சாறு தடவி, மிளகும் வெள்ளை எள்ளும் தூவித் தருவாங்க. ஜப்பான் சாப்பாடு சப்புன்னு இருக்கும்னு சொல்றவங்க வாயை அடைக்க அது ஒண்ணு போதும். நான் அங்க போன புதுசுல உயிரைக் காப்பாத்தினது அந்த மிளகுதான்.

கராகேயோட எலுமிச்சைத் துண்டு வரும். நம்ம ஆளுங்க கை சும்மா இருக்காது, தட்டு வந்ததும் மொத்தத்துக்கும் பிழிஞ்சு விட்டுடுவாங்க. கேட்டுட்டுப் பிழியச் சொல்லுங்க. அங்க இது ஒரு நித்திய பஞ்சாயத்து.

ஒவ்வொரு தட்டுலயும் கடைசியா ஒரு துண்டு மிஞ்சி நிக்கும், ஒருத்தரும் தொட மாட்டாங்க. விருந்தாளிகிட்ட நீட்டினா அவர் மறுப்பார். ரெண்டு தடவை கேட்டுட்டு ட்ரெய்னி பையன் தட்டுல போட்டுடுங்க. சின்னவனுக்குப் போச்சுன்னா எல்லாருக்கும் நிம்மதி.

சாதம் கடைசியில. இதை உங்க டீம்ல முன்கூட்டியே சொல்லிடுங்க, இல்லன்னா இருபதாவது நிமிஷம் "ரைஸ் எப்ப வரும்?"னு ஆரம்பிச்சுடுவாங்க. சுட்ட சோத்து உருண்டையோ, சாதத்து மேல டீயை ஊத்தின ஓச்சாசுகேயோ, நூடுல்ஸோ வந்தாச்சுன்னா கூட்டம் முடியப்போகுதுன்னு அர்த்தம்.

இனி சென்னைப் பிரச்சினை. இசகாயான்னாலே அங்க குடிக்கிற இடம். இங்க தனியா நிக்கிற உணவகத்துக்கு பார் உரிமம் கிடையாது, நட்சத்திர ஓட்டல்லயும் கிளப்லயும்தான். அதனால நீங்க பாத்து வச்ச கடை ஓட்டலுக்குள்ள இல்லன்னா, பீரும், சாகேங்கற அரிசி மதுவும் மெனுவுல இருக்காது. வெளியிலிருந்து பாட்டில் கொண்டு போகிற யோசனை யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க. இது பெரிய குறையும் இல்ல. ஜப்பான் கூட்டத்துலயும் குடிக்காதவங்க ஊலாங் டீ கிளாஸைத் தூக்கித்தான் கன்பாய் சொல்வாங்க. உங்க ஹலால் நண்பருக்கும் அதுதான் சௌகரியம்.

ஓட்டலா இருந்து சாகே வந்தா ட்ரெய்னி பையன்மேல ஒரு கண் வையுங்க. சாகே அளவு ஒரு கோ, அதாவது 180 மில்லி. நம்ம குவார்ட்டரும் அதே 180. ஆனா மதுச்சத்து சாகேயில 15, 16 சதவீதம், குவார்ட்டர்ல 42.8. ஆனாலும் சின்ன மண் கிண்ணத்துல சுடச்சுட இறங்கும்போது ஒண்ணும் தெரியாது, எழுந்திரிக்கும்போதுதான் தெரியும்.

ஓட்டல் பில்லையும் முன்னாடியே கணக்குப் போட்டுக்கோங்க. தனி உணவகத்துல ஜிஎஸ்டி 5 சதவீதம், அறை வாடகை அதிகமான பெரிய ஓட்டல்ல 18. மதுவுக்கு வாட் தனி.


மந்தைவெளி வாசகி:

ரிட்டர்ன் சார் கோழியிலேயே முழுக் கட்டுரையும் முடிச்சுட்டார். சைவ ரெண்டு பேரை யார் பாக்கறது? நான் சுத்த சைவம், கணவர் ஜப்பான் கம்பெனி. இந்த மாதிரி மேஜையில வெறும் வெள்ளரிக்காயைக் கொறிச்சுட்டு உக்காந்த அனுபவம் நிறைய.

பொன்னி, "வெஜ் இருக்கா?"ன்னு கேக்காதீங்க. இருக்குன்னுதான் சொல்வாங்க, பொய்யும் இல்ல, அவங்க கணக்குல அது காய்கறிதான். கேக்க வேண்டியது, "தாஷியில என்ன போடறீங்க?" தாஷிதான் அங்க எல்லாத்துக்கும் அடித்தண்ணி. பெரும்பாலும் கடல்பாசி கொம்புவும் கட்சுவோபுஷிங்கற காய்ஞ்ச மீனைச் சீவினதும் போட்டுக் காய்ச்சுவாங்க. மிசோங்கற புளிக்க வச்ச சோயா விழுதுல செய்யற சூப்புல அது உண்டு. பொரிச்ச டோஃபுவை ஒரு சாறுல மிதக்கவிட்டுத் தருவாங்களே, அந்தச் சாறே அதுதான். மாவுல தோய்ச்சுப் பொரிக்கற டெம்புராவுக்குத் தொட்டுக்கற சாறும் அதுதான். கொம்புவும் காய்ஞ்ச ஷிடாகே காளானும் மட்டும் போட்டுக் காய்ச்சற தாஷியும் உண்டு. பௌத்த மடங்கள்ல அப்படித்தான் சமைப்பாங்க. ஒரு நாள் முன்னாடி சொன்னா நல்ல சமையல்காரர் செஞ்சு தருவார், அன்னைக்கே கேட்டா முழிப்பார்.

தைரியமா சொல்லக்கூடியது: எடமாமே. குளிர்ந்த டோஃபு, மேல மீன் சீவல் தூவாம, இஞ்சித் துருவலும் சோயாவும் மட்டும். சுட்ட ஷிடாகே. சுட்ட பச்சை மிளகாய், அந்த ஊர் மிளகாய் நம்ம பஜ்ஜி மிளகாயைவிடச் சாது. வெள்ளரிக்காய் மாக்கி, அதான் கடல்பாசித் தாள்ல சுத்தின சாத உருளை. சோயா தடவிச் சுட்ட சோத்து உருண்டை. எனக்கு உயிர் எது தெரியுமா, பெரிய கத்திரிக்காயை ரெண்டாப் பிளந்து, பொரிச்சோ சுட்டோ, மேல இனிப்பு மிசோ பூசி வாட்டித் தர்றது. ஸ்பூனால சுரண்டிச் சாப்பிடணும். மிசோவுல தாஷி கலக்கறாங்களான்னு மட்டும் கேட்டுக்கோங்க. கலக்கலைன்னா ஆளுக்கு ஒரு பாதி சொல்லிடுங்க, பங்கு போட மனசு வராது.

முட்டை தொடாதவங்களுக்கு: டெம்புரா மாவுல முட்டை போடற வழக்கம் உண்டு, உருளைக்கிழங்கு சாலட்ல மயோனைஸ் இருக்கும், அதுல பன்றிக்கறித் துண்டும் ஒளிஞ்சிருக்கலாம். எண்ணெய்ச் சட்டியும் ஒண்ணாத்தான் இருக்கும். கராகே பொரிச்ச எண்ணெய் பரவாயில்லையான்னு அவங்களையே கேட்டுடுங்க, நீங்களா முடிவெடுக்காதீங்க.

இன்னும் ஒண்ணு. சைவத் தட்டெல்லாம் மேஜையோட ஒரு ஓரத்துல சேர்ந்து இருக்கணும், அந்தக் குச்சி இந்தப் பக்கம் வரக்கூடாது. அதுக்காக எங்களை மேஜைக் கோடியில தள்ளிடாதீங்க. விருந்தாளிக்கு எதிர்ல ரெண்டு சைவக்காரங்களையும் உக்கார வச்சா பேச்சுலயும் கலந்துக்கலாம்.


காயல் கடலோடி:

அந்த கட்சுவோபுஷின்னு பயமுறுத்தறீங்களே, அது எங்க ஊர் மாசிக் கருவாட்டுக்கு ஒண்ணுவிட்ட சகோதரன். மீனு சூரை வகைதான். மாலத்தீவுலயும் மினிக்காய்லயும் வேகவச்சு, புகை காட்டி, வெயில்ல காயவச்சு மாசியாக்குவாங்க. ஜப்பான்ல வேகவச்சு, திரும்பத் திரும்பப் புகை போட்டு, ஒசந்த ரகத்துக்குப் பூஞ்சணமும் பிடிக்க வைப்பாங்க. மரக்கட்டை மாதிரி ஆனதை இழைப்புளியால சீவுவாங்க. எங்க வீட்டுல இடிச்சு சம்பல்ல போடுவோம். உங்க விருந்தாளிக்கு ஒரு பொட்டலம் மாசி வாங்கிக் குடுங்க, மோந்து பாத்ததும் ஊர் ஞாபகம் வந்துடும். விமானத்துல கொண்டு போக விடுவாங்களான்னு முதல்ல விசாரிச்சுடுங்க.


ஐஸ் ஹவுஸ் அன்வர்:

ஹலால் நண்பருக்காக ரெண்டு வார்த்தை. இனிப்புச் சாறுல மிரின் இருக்கும், அது மது வகை, சாகேவும் ஊத்துவாங்க. அதனால அவருக்கு உப்புல சுட்டது மட்டும். கோழி ஹலாலான்னு கேளுங்க, சென்னையில பல கடையில ஆமாம்னு வரும். ஆனா அதே கரி அடுப்புல பன்றிக் குச்சியும் சுடுவாங்க. நான் போனா மீன் பக்கம் ஒதுங்கிடுவேன். உப்புப் போட்டுச் சுட்ட கானாங்கெளுத்தி வகை மீன், கூட முள்ளங்கித் துருவல். முழுசா ஒரு துண்டு, நிறைவா இருக்கும். அதைச் சுடறதுக்குத் தனித் தட்டியோ பாத்திரமோ வைக்கச் சொல்லிடுங்க. முன்கூட்டிச் சொன்னா செய்யறாங்க.


போரூர் பொன்னி:

எல்லாருக்கும் நன்றி. இன்னைக்குக் கடைக்கே போய்ப் பேசிட்டு வந்தேன். தனிக் கடைதான், மது கிடையாது. கொம்பு தாஷி ஒரு நாள் முன்னாடி சொன்னா போதுமாம். மீனுக்குத் தனித் தட்டி உண்டு. தெபசாகி இருக்கு. தோரிபாஷி கேட்டதும் அந்தப் பொண்ணு சிரிச்சுட்டு, "ஜப்பான்காரங்களும் இப்படித்தான் கேப்பாங்க"ன்னுச்சு. மேனேஜர்கிட்ட சொன்னேன், முகம் மலர்ந்து போச்சு.

ரெண்டு சந்தேகம் பாக்கி. யார் எங்க உக்காரணும்? கடைசியில எப்படி முடிக்கறது? மைக் பிடிச்சுப் பேசறதெல்லாம் அந்தச் சின்ன இடத்துல நல்லா இருக்காது.


நகோயா ரிட்டர்ன்:

வாசல்லேர்ந்து ரொம்பத் தள்ளி இருக்கற இடம் விருந்தாளிக்கு. பக்கத்துல மேனேஜர். எதிர்ல சைவக்காரங்க, மந்தைவெளி அம்மா சொன்னது சரி. கிச்சன் பக்கம், வாசல் பக்கம் நீங்களும் ட்ரெய்னியும். ஆர்டர் சொல்றதும் தட்டு வாங்கி வைக்கறதும் அந்த ஓரத்து வேலை. அங்கயும் டீம்ல சின்னவங்கதான் அதைப் பாப்பாங்க. யாரும் தன் கிளாஸைத் தானே நிரப்பிக்க வேணாம், பக்கத்துல இருக்கறவருக்கு ஊத்தணும். வெறும் டீயா இருந்தாலும் விருந்தாளி கிளாஸ் காலியாகாம மேனேஜர் பாத்துக்கட்டும், ரெண்டு கையாலயும் பிடிச்சு ஊத்தச் சொல்லுங்க.

ஏழு மணிக்கு உக்காருங்க. ஒன்பது மணிக்குச் சாதம் கேட்டுடுங்க. பில்லை மேஜைக்கு வரவழைக்காம, சாதம் வந்த நேரத்துல நீங்க எழுந்து போயி கல்லாவுலயே கட்டிடுங்க, இல்லன்னா விருந்தாளி பர்ஸை எடுத்துட்டு மல்லுக்கு நிப்பார்.

முடிக்கறதுக்கு மைக் வேணாம். மேனேஜர் ஒரு நிமிஷம் பேசட்டும், விருந்தாளி ஒரு நிமிஷம் பேசட்டும். அப்புறம் எல்லாரும் எழுந்து நின்னு, கையைத் தயாரா வச்சுக்கணும். ஒருத்தர் "இயோ"ன்னு நீட்டிக் குரல் குடுக்க, மொத்தப் பேரும் ஒரே ஒரு தடவை, ஒண்ணாக் கை தட்டணும். டோக்கியோ பக்கம் கூட்டம் முடிக்கற முறை இது. குரல் குடுக்கறதை அவர்கிட்டயே விட்டுடுங்க, சந்தோஷப்படுவார். அங்க இதைக் கடைக்கு வெளிய தெருவுல நின்னு பண்றவங்களும் உண்டு. நீங்க உள்ளேயே முடிச்சுடுங்க, வெளிய ஆட்டோக்காரங்க கூப்பிட்டதா நினைச்சு நாலு பேர் வந்து நிப்பாங்க.